கை தட்டியது யார்

கதவு என்று எல்லோரும் கூப்பிடுகிறவன் அன்றைக்குப் பின்வாசல் வழியாகத்தான் வந்தான். கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த படுக்கை விரிப்புகளை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தவன், கொதிகலன் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தான். நான் இஸ்திரி மேசையில் இருந்தேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. முந்தின நாள் கால்பந்து மேட்சில் அவன் செய்த காரியத்தை நாடே பார்த்திருந்தது.

"அக்கா எங்க?" என்றான்.

"லாட்ஜுக்குத் துணி எடுக்கப் போயிருக்கா. டீ போடவா?"

"வேணாம்."

வேண்டாம் என்று சொன்னவனுக்குத்தான் டீ தேவை என்பது எனக்குத் தெரியும். போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அது ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் இந்தச் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அக்கா என்பது கடைக்காரி. கதவின் கூடப் பிறந்த மூத்தவள். ஊரே அவளை அக்கா என்கிறது, நான் மட்டும் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன். கீழே கடை, மேலே வீடு. இரண்டு பெரிய துவைக்கும் மிஷின்கள், உலர்த்தும் மிஷின் ஒன்று. அது உருளுகிற சத்தத்தில் பேசிப் பேசியே எங்கள் எல்லோருக்கும் தொண்டை பெரிதாகிவிட்டது. நாங்கள் மூவரும் பேசுவதைக் கேட்டால் சண்டை என்று தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். மூன்றாவது ஆள் அக்காவின் வீட்டுக்காரர். அவர் வேலை கணக்குப் பார்ப்பது, வண்டி ஓட்டுவது, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்வது. மூன்றாவதைத்தான் விடாமல் செய்வார்.

கதவுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. எப்போதோ ஒரு பேப்பர்காரன், 'இவன் நிற்கிறவரைக்கும் கோல் பக்கம் போக வழியில்லை, கதவு சாத்தியாகிவிட்டது' என்று எழுதினான். அன்றிலிருந்து அவன் கதவு. அக்கா மட்டும் தம்பி என்று கூப்பிடுவாள்.

சின்ன வயதில் அவன் முன்வரிசையில் ஆடியவன். கோல் போடுவேன், கோல் போடுவேன் என்று குதிப்பான், ஒன்றும் போடமாட்டான். ஒரு நாள் டிஃபெண்டர் ஒருவனுக்குக் காய்ச்சல். கோச் இவனைப் பின்னால் நிறுத்தினார். அழுதுகொண்டே நின்றானாம். அன்றைக்கு ஒரு பந்துகூட அவனைத் தாண்டவில்லை. அப்புறம் அவனை யாரும் முன்னால் விடவில்லை. உள்ளூர் கிளப், பக்கத்து ஊர் கிளப், அப்புறம் வெளிநாட்டில் பெரிய கிளப். இடையில் மூக்கு இரண்டு தரம் உடைந்தது, புருவத்தில் தையல், தோள்பட்டை எலும்பு ஒரு முறை. ஊரில் ஆடிய காலத்தில் அவன் சட்டைகளை நாங்கள்தான் துவைத்தோம். கோல் போடுகிறவன் சட்டையில் முழங்கையில் மட்டும்தான் சேறு இருக்கும். இவன் சட்டையில் எங்கே துணி, எங்கே சேறு என்று தேட வேண்டும்.

டிஃபெண்டர் வேலையும் இஸ்திரி வேலையும் ஒன்றுதான் என்று நான் அவனிடம் சொல்வதுண்டு. சட்டை ஒழுங்காக இருந்தால் போட்டவள் யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஒரு சுருக்கம் இருக்கட்டும், ஆளைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

இப்போது ஆளைத் தேடுகிற நேரம்.

நடந்தது இதுதான். நாட்டு அணிக்கு அது கடைசித் தகுதி ஆட்டம். டிரா ஆனாலே போதும், பெரிய போட்டிக்குப் போய்விடலாம். எங்கள் கடை டிவி முன்னால் லாட்ஜ் மேனேஜர், வேன் டிரைவர், எதிர்க் கடைக்காரர்கள் என்று கூட்டம். சமமாக நின்ற ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர், மூலையிலிருந்து பந்தைக் கோல் முன்னால் தூக்கி அடிக்கிற வாய்ப்பு. உயரமானவர்கள் எல்லோரும் தலையால் முட்ட முன்னே வருவார்கள் அல்லவா, அப்படி அவர்களுடைய டிஃபெண்டர் நெட்டையும் எங்கள் கோல் முன்னால் வந்து நின்றான்.

நெட்டை எங்களுக்குப் புதியவன் இல்லை. கதவும் அவனும் வெளிநாட்டு கிளப்பில் ஒன்பது வருஷமாகத் தோளோடு தோள் நிற்கிறவர்கள். கிளப்பில் கூட்டாளி, நாட்டுக்காக ஆடும்போது எதிராளி. அங்கே இரண்டு குடும்பமும் எதிரெதிர் வாசல். இந்தக் கடைக்குக்கூட ஒரு முறை வந்திருக்கிறான். உள்ளே வரும்போது ஒரு தரம், போகும்போது ஒரு தரம் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டான். அக்கா போட்ட ஆம்லெட்டை எண்ணாமல் தின்றான். கதவுக்குத் தோள்பட்டை உடைந்தபோது ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஊட்டிவிட்டவன் நெட்டைதான்.

நெட்டையை யார் பிடிப்பது? கதவுதான் பிடித்தான். இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பந்து வந்தது. எங்கள் கோல்கீப்பர் எகிறிக் குத்தி வெளியே தள்ளினான். அப்பாடா என்று லாட்ஜ் மேனேஜர் மூச்சு விட்டார்.

அந்த நேரத்தில் கதவும் நெட்டையும் சேர்ந்து ஓடினார்கள். கோலை விட்டு, வெளியே. ஒரே நேரத்தில் கால் எடுத்து, பக்கத்துப் பக்கத்தில், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற இரண்டு பேர் மாதிரி. வேறு யாரும் ஓடவில்லை. எங்கள் இன்னொரு டிஃபெண்டர் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். வெளியே போன பந்தை எதிரணிக்காரன் ஒருவன் திரும்ப உள்ளே தூக்கிப் போட்டான். கதவு நிற்க வேண்டிய இடத்தில் அவர்களுடைய ஆள் தனியாக நின்றான். அவனே நம்பாமல் ஒரு தரம் சுற்றிப் பார்த்தான். அப்புறம் மெதுவாக உள்ளே தட்டினான்.

ஆட்டம் போயிற்று, பெரிய போட்டியும் போயிற்று. கடையில் உலர்த்தும் மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"காசு வாங்கிட்டான்," என்றான் வேன் டிரைவர்.

அக்கா அவனுடைய துணி மூட்டையைத் தூக்கி அவன் நெஞ்சில் வைத்து, "வேற கடை பாத்துக்கோ," என்றாள். துவைக்காத துணி. அப்படியே தூக்கிக்கொண்டு போனான்.

*

அக்கா லாட்ஜிலிருந்து திரும்பி வந்தபோது டீ ஆடை கட்டியிருந்தது. மூட்டையை இறக்கி வைத்தாள். தம்பியைப் பார்த்தாள். அழுவாளோ அடிப்பாளோ என்று நான் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றேன்.

"சாப்ட்டியா?" என்றாள்.

"இல்லக்கா."

"முட்டை இருக்கு. ரொட்டி இருக்கு. மேல போய்க் குளி." அவ்வளவுதான் அவளால் முடிந்தது. அவன் மாடிப்படி ஏறினதும் அழுக்கு விரிப்புகளை மிஷினுக்குள் திணித்தாள். அவள் திணித்த வேகத்தில் மிஷின் ஒரு அடி நகர்ந்தது.

சாப்பிட்ட பிறகு அவனாகவே சொன்னான். அக்கா, வீட்டுக்காரர், நான், மூவரும் கேட்டோம்.

"கிளப்ல எங்களுக்கு ஒரு பழக்கம். பந்தை வெளிய தள்ளினதும் ரெண்டு பேர்ல ஒருத்தர் ரெண்டு தரம் கை தட்டுவோம். தட்டினா உடனே டிஃபெண்டர் எல்லாரும் முன்ன ஓடணும். நாங்க ஓடிட்டா எதிராளி பின்னால தனியா நிப்பான். அவனுக்குப் பந்து வந்தா ஆஃப்சைடு, செல்லாது. ஒன்பது வருஷமா தட்டறோம், ஓடறோம். யோசிக்கறதே இல்ல. இங்க மத்தவங்களுக்கு அது தெரியாது, கம்பத்துக்கிட்ட ஒருத்தன் நின்னுட்டதால ஆஃப்சைடும் இல்லாம போச்சு."

"சரி," என்றார் வீட்டுக்காரர். "நேத்து யாரு தட்டினது?"

கதவு தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தான்.

"தெரியல மாமா."

"தெரியலன்னா?"

"சத்தம் கேட்டுச்சு. டப் டப்புன்னு. ஓடிட்டேன். அவன் தட்டினானா, நான் தட்டினேனா தெரியல."

"தன் கை தட்டினதுகூட ஒருத்தனுக்குத் தெரியாதாடா?"

"நேத்து வண்டி ஓட்டும்போது எத்தனை தடவை கியர் மாத்தினீங்க மாமா?"

வீட்டுக்காரர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். நல்ல வேளை, அவரிடம் அதற்கொரு காரணம் இல்லை.

"டிவில பாத்தா தெரியாதா?" என்று நான் கேட்டேன்.

"பாத்தேன். எங்களுக்கு முன்னால கோல்கீப்பர் எகிறிட்டு நிக்கிறான். எங்க கை தெரியல. காலு மட்டும்தான் தெரியுது." கொஞ்சம் சிரித்தான். "ரொம்ப அழகா ஓடறோம்."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவன்தான்டா தட்டியிருப்பான். நீ ஏன் தட்டப் போறே? அவன் எதிராளி. ஏமாத்தத்தான் தட்டியிருக்கான்."

"ஏமாத்தறவன் எதுக்குக்கா கூட ஓடணும்? அங்கயே நின்னிருந்தா அவனே கோல் போட்டிருப்பானே."

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெட்டை ஏமாற்றினான் என்றால் அவன் ஓடியது பொருந்தவில்லை. கதவு விலை போய்விட்டான் என்றால் இவ்வளவு பகிரங்கமாகவா போவான்? இரண்டும் இல்லையென்றால் என்னதான் நடந்தது? இதையே நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு டாக்டருடைய வெள்ளைக் கோட்டில் இஸ்திரியை வைத்துவிட்டு மறந்தேன். என் கையால் துணி கருகியது அதுதான் முதல் தடவை.

*

மறுநாள் மழை. கொடியில் எதையும் போட முடியாது, எல்லாம் உலர்த்தும் மிஷினில்தான். வெளியே தலைகாட்ட முடியாததால் கதவு கடையிலேயே இருந்தான். அக்காவும் நானும் பெரிய விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, பாதியாக்கி, நடுவில் நடந்து வந்து, ஒருவர் முனையை மற்றவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழ் மடிப்பைப் பிடிப்பது. இத்தனை வருஷத்தில் பேசிக்கொண்டே மடிப்போம், சண்டை போட்டுக்கொண்டும் மடிப்போம்.

கதவு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க ரெண்டு பேர்ல யாரு முதல்ல நடக்கறீங்க?" என்றான்.

"நான்தான்," என்றாள் அக்கா.

"இல்ல, நான்," என்றேன்.

"நீ எங்கடி முதல்ல வர்றே? நான் வந்தப்புறம்தான் வர்றே."

"சரி, நீயே வா, பாப்போம்."

அவள் வந்தாள். நானும் வந்துவிட்டேன். முனைகளை அவள் என்னிடம் நீட்டினாள், நான் அவளிடம் நீட்டினேன், விரிப்பு நடுவில் தரையில் விழுந்தது. ஈரத் தரை. அதைத் திரும்பத் துவைக்க வேண்டியதாயிற்று. அடுத்ததும் விழுந்தது. கடைசியில் அக்கா கோபம் வந்து, "டேய், நீ மேல போடா! நீ இருந்தா இங்க ஒரு வேலையும் ஓடாது," என்று விரட்டினாள்.

அவன் எழுந்திருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். குடையை மடக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் சட்டைக் காலரை நான் பார்த்தேன். சுமாரான இஸ்திரி.

"வெள்ளிக்கிழமை விசாரணை," என்றார். "பயப்பட வேண்டாம். நீ ஒரே ஒரு விஷயம் சொன்னா போதும். அவன் கை தட்டி ஏமாத்தினான்னு சொல்லு. ஆட்டத்துல எதிராளியை அப்படி ஏமாத்தறது குத்தம். நாங்க மேல புகார் குடுப்போம். அவனுக்குத் தடை வரும். உன் பேரு சுத்தமாயிரும். நீ டீம்ல இருப்பே."

"அவன் தட்டினானான்னு எனக்குத் தெரியாது சார்."

"உனக்குச் சத்தம் கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சு."

"பின்ன?"

"என் கையா இருந்தாலும் எனக்குக் கேக்குமே சார்."

செயலாளர் அக்காவைப் பார்த்தார். 'இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கம்மா' என்கிற பார்வை. "சொல்லலைன்னா?" என்று அக்கா கேட்டாள்.

"சொல்லலைன்னா ஊர் பேசறதை நாங்க எப்படித் தடுக்கறது? டீம்ல வச்சுக்க முடியாது. முப்பத்திரண்டு வயசாச்சு. இப்பப் போனா திரும்ப வர வழியில்ல."

அவர் போனதும் வீட்டுக்காரர் கணக்குப் போட ஆரம்பித்தார். "யோசிச்சுப் பாரு. அவனுக்குத் தடைன்னா நாட்டு டீம்ல மட்டும்தான், கொஞ்ச நாளைக்கு. கிளப்ல ஆடுவான். சாப்பாடு போயிடாது. உனக்கு மொத்தமும் போயிடும். அவனே இருந்தா சொல்லுடான்னுதான் சொல்லுவான்."

"அவன் தட்டியிருந்தா சொல்றேன் மாமா. தட்டலைன்னா?"

"தட்டியிருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"அப்ப சொல்லு!"

"'இருக்கலாம்'னு சொல்லவா?"

அக்கா குறுக்கே வந்தாள். அவள் குரல் எப்போதும் பெரிது. அன்றைக்கு மிஷின் ஓடாதபோதும் பெரிதாக இருந்தது. "உன் சேத்தைப் பத்து வருஷம் துவைச்சேன்டா. நீ நாட்டு டீம் பனியனைப் போட்டுட்டு தேசிய கீதத்துக்கு நிக்கும்போது அந்த டிவியைத் துடைச்சுட்டுப் பாப்பேன். இன்னைக்குக் கடைக்கு வர்றவ ஒருத்தி, 'உங்க கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையா'ன்னு கேட்டுட்டுப் போறா. எனக்காகச் சொல்லேன். அவன் நல்லவன்தான், எனக்கும் தெரியும். என் கையால சாப்பிட்டவன். ஆனா நீ என் தம்பி."

கதவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நான் பொத்தான் அறுந்த சட்டை ஒன்றை எடுத்துத் தைக்க உட்கார்ந்தேன்.

*

அன்று சாயங்காலம் நெட்டை போன் செய்தான். மழை விட்டிருந்தது. கதவு கொல்லையில் நின்று, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். யாரிடமும் மறைக்கக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ.

"டேய், நீ ஏன்டா ஓடினே?" என்றது நெட்டையின் குரல்.

"நீ ஓடினே, நான் ஓடினேன்."

"நான் ஓடினதே நீ ஓடினதாலடா!"

"யாரு தட்டினது?"

"நீதானே தட்டினே?"

கதவு கொடிக்கயிற்றிலிருந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டான்.

"நீ தட்டினேன்னு நான் நினைச்சேன்."

"நானா? இல்லடா... இல்லன்னுதான் நினைக்கறேன். இரு. சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண முடியாது." நெட்டை பெருமூச்சு விட்டது போனில் காற்றடிப்பது மாதிரி கேட்டது. "இங்க என்னைத் தூக்கி வச்சுக் கொண்டாடறாங்க. மூளைக்காரனாம். கூட ஆடறவனையே இழுத்துட்டுப் போனானாம். எங்க கோச் மட்டும் தனியாக் கூப்பிட்டு, 'கார்னருக்குப் போனவன் எதுக்குடா வெளிய ஓடினே'ன்னு கேட்டாரு. நான் என்ன சொல்வேன்? பழக்கதோஷம்னு சொன்னா சிரிக்கறாரு."

"எங்க ஆளுங்க உன் மேல சொல்லச் சொல்றாங்க."

"சொல்லேன்."

"நிஜமா நீயா?"

"தெரியலன்னு சொல்றேன்ல. உனக்கு உதவும்னா சொல்லு."

"வேணாம்."

போனை வைத்த பிறகு கதவின் மனைவி கூப்பிட்டாள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் அவள் கிளப் இருக்கிற ஊரிலேயே இருந்தாள். "எதிர் வீட்டுக்காரியும் நானும் லிஃப்ட்ல மாடி நம்பரையே பாத்துட்டு நிக்கறோம்," என்றாள். "போன வாரம்வரைக்கும் ஒரே குக்கர்ல ரெண்டு வீட்டுக்கும் சமைச்சோம். இப்ப அவகிட்ட உப்பு கேக்கலாமா கூடாதான்னுகூடத் தெரியல. நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"நடந்ததைச் சொல்லுவேன்."

"என்ன நடந்துச்சு?"

"பிள்ளை தூங்கிடுச்சா?" என்றான் அவன்.

*

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் அவனைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் அவர்தான் எங்களுக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். கதவு முக்காலியில் உட்கார்ந்து வேறு யாருக்கோ நடந்ததைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீளமான மேசை. அஞ்சு பேரு. நடுவுல இருந்த பெரியவர் கேக்கறாரு: 'அவர் கை தட்டினாரா?' இவன் சொல்றான்: 'தெரியாது.' 'நீங்க தட்டினீங்களா?' 'தெரியாது.' 'யாருமே தட்டலையா?' 'யாரோ தட்டினாங்க.' அந்தாளு மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டாரு. 'தம்பி, அங்க நின்னது நீங்க ரெண்டு பேரு. ரெண்டு பேர்ல ஒருத்தர். சொல்லுங்க'ன்னாரு. இவன் என்ன சொன்னான் தெரியுமா? 'ஒன்பது வருஷத்துல ஒரு நாளும் அதை நாங்க பிரிச்சுப் பாத்ததில்ல சார்'ன்னான். நான் வெளிய பெஞ்சுல உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டேன். ரூம் கதவைச் சாத்தாததால எல்லாம் கேட்டுச்சு."

"அப்புறம்?" என்றாள் அக்கா.

"எந்திரிச்சு நின்னு தட்டிக் காட்டச் சொன்னாங்க. தட்டினான். பக்கத்து ரூம்ல இருந்து பியூன் ஓடி வந்துட்டான், தன்னைக் கூப்பிடறாங்கன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்தாள்.

"இனிமே கூப்பிட மாட்டாங்கக்கா," என்றான் கதவு. "முடிஞ்சு போச்சு."

அப்படி ஒரு வாழ்க்கை 'தெரியாது' என்ற பதிலில் முடியும் என்று யார் நினைத்தோம்? பொய் சொன்னவனுக்கு இடம் உண்டு, உண்மை சொன்னவனுக்கும் சில இடத்தில் உண்டு. தெரியாததைத் தெரியாது என்றவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்த ஐந்து பேருக்கும் தெரியவில்லை. எனக்கு அவன்மேல் கோபமும் இருந்தது, கும்பிடலாம் போலவும் இருந்தது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் டிவியில் நெட்டை வந்தான். முன்னால் ஏகப்பட்ட மைக். "ஆமா," என்றான். "நான்தான் கை தட்டினேன். வேணும்னுதான். அவர்மேல தப்பில்லை."

தெரு ஒரே நாளில் திரும்பிவிட்டது. தாழ்ப்பாள் கேட்டவள் ஒரு பெட்டி கேக்கோடு வந்தாள். வேன் டிரைவர் அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். அக்கா கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். நெட்டைக்கு அவன் நாட்டு அணியில் ஆடத் தடை வந்தது. ஆனால் எங்கள் சங்கம் கதவைத் திரும்பக் கூப்பிடவில்லை. 'தெரிந்திருந்தும் எதிராளியைக் காப்பாற்றினான்' என்று புதிதாக ஒன்று சொன்னார்கள்.

"உனக்காகத்தான்டா சொல்லியிருக்கான்," என்றாள் அக்கா. "தடை வரும்னு தெரிஞ்சே சொல்லியிருக்கான் பாரு. என்ன பிள்ளை!"

"மண்ணு," என்றார் வீட்டுக்காரர். "மூளைக்காரன்னு பேரு வந்துச்சுல்ல? இல்லன்னா பழக்கதோஷத்துல ஓடின மடையன்னு ஆயிடும். அதுக்குத்தான் சொல்றான்."

கதவு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்கிட்ட தெரியலன்னு சொன்னானே," என்றான். "அப்ப அது பொய்யா, இது பொய்யா? நிஜமாவே தட்டியிருந்தா? வேணும்னே தட்டியிருந்தா?"

"போன் பண்ணிக் கேளேன்," என்றேன்.

"கேட்டா எனக்காகச் சொன்னேன்னு சொல்லுவான். அதை மட்டும் எப்படி நம்பறது?"

ஒன்பது வருஷம் அவன் எதையும் கேட்காமல் நம்பியவன். இப்போது கேட்டாலும் நம்ப முடியாது என்றான். அவன் நாட்டுப் பனியன் போனதைவிட எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகப் பட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், கூப்பிடவில்லை. இரண்டு நாளில் கிளம்பிப் போனான். இந்தத் தடவை முன்வாசல் வழியாக.

*

கிளப்பின் அடுத்த ஆட்டத்தைக் கடையில் போட்டுப் பார்த்தோம். வெளியாள் யாரையும் அக்கா உள்ளே விடவில்லை. உலர்த்தும் மிஷினை நிறுத்தியே வைத்தாள்.

ஆடுகளத்துக்குள் வரும்போது இரண்டு பேரும் அடுத்தடுத்து வந்தார்கள். கை குலுக்கிக்கொண்டார்கள். "பாத்தியா, பேசிட்டாங்க," என்றாள் அக்கா. எனக்கு அந்தக் கை குலுக்கல் பிடிக்கவில்லை. கூட இருக்கிறவனிடம் யாராவது கை குலுக்குவார்களா? முன்பெல்லாம் நெட்டை இவன் தலைமுடியைக் கலைப்பான், இவன் அவன் வயிற்றில் ஒரு குத்து விடுவான்.

முதல் பாதி நன்றாகப் போனது. கதவு தலையால் முட்டினான், காலை நீட்டிப் பறித்தான், ஒரு தரம் முகத்திலேயே வாங்கிக்கொண்டான். அக்கா டிவியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் எதிரணிக்கு ஒரு கார்னர்.

பந்து வந்தது. நெட்டை முட்டினான். பந்து வெளியே போனது.

எப்போதும் அந்த நேரத்தில்தான் இரண்டு பேரும் ஓடுவார்கள். நான் என்னை அறியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டேன். டிவி அவர்கள் இரண்டு பேரையும் நன்றாகக் காட்டியது. இந்த முறை முன்னால் யாரும் மறைக்கவில்லை. நான்கு கைகளும் தெரிந்தன. எதுவும் தட்டவில்லை. கதவு நெட்டையைப் பார்த்தான். நெட்டை கதவைப் பார்த்தான். மற்ற டிஃபெண்டர்கள் இவர்கள் இருவரையும் பார்த்தார்கள். பந்து திரும்ப உள்ளே வந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற எதிராளி, இரண்டு பேரையும் தாண்டி அதை உள்ளே போட்டான்.

"ஓடுங்கடா!" என்று அக்கா கத்தினாள். கோல் ஆன பிறகும் கத்தினாள்.

வீட்டுக்காரர் எதற்கும் ஒரு காரணம் சொல்லவில்லை. டிவியில் இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்று ஏதோ பேசிக்கொண்டார்கள். ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கும். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள்.

சாயங்காலம் அவன் போன் செய்தபோது அக்கா மற்றதெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் கேட்டாள். "கோல் விழுந்தப்புறம் அவன் உன்கிட்ட என்னமோ சொன்னானே, என்னடா?"

"'நீ தட்டுவேன்னு நினைச்சேன்'னு சொன்னான்க்கா."

"நீ என்ன சொன்னே?"

"நானும் அதேதான் சொன்னேன்."

அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் அவனும் வைக்கவில்லை. யார் முதலில் வைப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.